ஒரு சாண் தண்ணீர்

என் நாக்கின் விலை பதினாறு அறைகளும் ஒரு நீச்சல் குளமும். அதற்கு மேல் யாரும் கொடுக்க வேண்டாம். அவ்வளவு உயர்ந்த சரக்கு இல்லை.

நான் நகரியில் ஜவுளிக் கடையில் வளர்ந்தவன், ஐயா. மதராஸ் வாடிக்கையாளர் வந்தால் எங்கள் நைனா அவரிடம் தமிழில் கெஞ்சிக்கொண்டே, அடக்க விலையை எங்களிடம் தெலுங்கில் சொல்வார். தெலுங்கு வாடிக்கையாளர் வந்தால் மொழிகள் இடம் மாறும். ஒருத்தர் காதில் விழுந்தும் விழாத மாதிரி பேசுவதுதான் வியாபாரம் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அந்த நைனா திருச்சானூரில் லாட்ஜ் கட்டி, எனக்கும் தங்கை சுந்தரிக்கும் பாதிப் பாதி எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்பக்கத்துக் குளம் என் யோசனை. தாயாரைச் சேவிக்க வருகிறவன் நீந்துவானா என்று ஊர் சிரித்தது. ஊர் சொன்னதே சரி. அதில் நீந்தியது ஒரே ஆள், சுந்தரியின் கணவர் வரதராஜன். காவிரியில் குதித்துப் பழகிய கும்பகோணத்துக்காரர். பொழுது விடியும் நேரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, ஆழமான பக்கம் தலைகீழாகப் பாய்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு என் முகமும் தூணும் ஒன்றுதான். பலருக்குக் கண்ணாடியோடேயே அப்படித்தான்.

எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மதராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம் என்று முடிவானதும் அவர் சொன்னார்: "ஏழு வருஷமா இருக்கேன் மச்சான், தெலுங்குல ஒரு வார்த்தை ஒட்ட மாட்டேங்குது. வித்துட்டு ஊரோட போயிடறோம்."

பாதி லாட்ஜை யார் வாங்குவார்? முழுசாக வாங்க ரேணிகுண்டாவில் ஒருவர் இருந்தார். நான் பத்து விதமாகப் பேசிப் பார்த்தேன். மாப்பிள்ளை சிரித்தாரே தவிர, பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேரமே பேசாத மனிதரிடம் என்னைப் போன்றவன் என்ன செய்ய முடியும்?

வாங்குகிறவர் பார்க்க வருவதற்குள் குளத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆழமான பக்கத்துத் தரையில் முறம் அகலத்துக்குப் பூச்சு விட்டுப்போயிருந்தது. தட்டினால் காலிப் பானைச் சத்தம். தம்பதிகள் கும்பகோணம் போயிருந்த சமயம் பார்த்துத் தண்ணீரை இறைத்தோம். மேஸ்திரி சின்னசாமி பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கழுவி, சிமெண்டுப் பால் அடித்து, புதுப் பூச்சு பூசினார்.

"ஈரச் சாக்கு போட்டு வெச்சா போதும் மொதலாளி. படிக்குக் குறுக்கால ஒரு கயிறு கட்டுங்க. யாராச்சும் தெரியாம குதிச்சிடப் போறாங்க."

"சாக்கு என்னத்துக்கு? தண்ணியே கட்டிடலாம்" என்றேன்.

பூச்சு இறுகியதும் ஒரு சாண் தண்ணீர் விட்டேன். விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு சாணும் ஒன்பது அடியும் ஒரே மாதிரி மின்னும். கயிறும் கட்டினேன். மேஸ்திரி கிளம்பியதும் அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன்.

மாப்பிள்ளை விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிய கையோடு துண்டும் தோளுமாகக் குளத்துக்கு வந்தார். நான் பம்பு அறைப் பக்கம் காவலாள் கங்கையாவோடு நின்றிருந்தேன். கங்கையா கடப்பைக்காரன். தமிழ் அவனுக்கு வெறும் சத்தம்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "வேலை முடிஞ்சுதா மச்சான்? குளிக்க ஆகுமா?"

"ஆகு, ஆகு" என்று உரக்கச் சொன்னேன். கையையும் தூக்கிக் காட்டினேன். கண்ணாடி இல்லாதவருக்குக் கை எதற்கு? அது கங்கையாவுக்காக.

அவர் பாய்ந்தார். எழுந்தது தண்ணீர்ச் சத்தமாக இல்லை. புதுப் பூச்சில் ஒரு கீறல்கூட விழவில்லை. சின்னசாமி நல்ல வேலைக்காரர்.

நில், நில் என்று முதலாளி கத்தினார் என்று கங்கையா விசாரணையில் சத்தியம் செய்தான். பொய் இல்லை. தெலுங்கில் 'ஆகு' என்றால் 'நில்'. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர், என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். சுந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கத்திக்கினே இருந்தியாம்ணா, அவரு காதுல விழாம போச்சே. இனிமே எனக்கு எதுக்கு லாட்ஜு? நீயே வெச்சிக்கோ."

கேட்காமலே எனக்குக் கிடைத்த ஒரே சரக்கு அதுதான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தமிழ் தெரிந்த நீங்கள் மாற்றலாகி வந்து, தெலுங்கு தெரியாத மனிதரை ஏன் தெலுங்கில் தடுத்தாய் என்று கேட்கிறீர்கள். தடுக்கவில்லை, ஐயா. அவர் ஆகுமா என்று கேட்டார், பதில் சொன்னேன். கேட்டவருக்கு ஒரு மொழி, சாட்சிக்கு ஒரு மொழி, இரண்டுக்கும் ஒரே வார்த்தை. கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கு சரியாக இருக்கட்டும். 'ஆகும்' என்று நான் சொல்லவே இல்லை. 'ஆகு' என்றதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஒரு 'ம்' சேர்த்துக் கேட்டுக்கொண்டவர் அவர். மூன்று எழுத்தில் இரண்டு என்னுடையவை, ஒன்று அவருடையது. அந்த ஒரு பங்கை அவர் பேரில் கழித்துவிட்டு, மீதியை மட்டும் என் பேரில் பற்று எழுதுங்கள்.