என் வீட்டுப் பேரீச்சம்பழ டப்பா

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் கோகிலா அம்மையார் அவர்களே! நரைத்தும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் நயினார்கோவில் பக்கத்து மிளகாய் விவசாயி, என் நண்பர் மலையாண்டி அவர்களே! ஹமீது வாத்தியாரின் வணக்கம்.

மருந்தை வீணாக்காதீர் என்று பேச அழைத்தார்கள். முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த வாய், மேடை என்றால் மறுக்குமா? ஒப்புக்கொண்டேன். ஆனால் எந்த முகத்தோடு பேசுவேன்?

எனக்கு ரத்தக்கொதிப்பு. சவூதியில் இருக்கும் மகன் ஷாகிர், ஊருக்கு வருகிறவர் கையிலெல்லாம் மாத்திரை கொடுத்தனுப்புவான். விழுங்கியது அதைத்தான். ஆனாலும் மாதம் தவறாமல் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று அங்கேயும் வாங்கினேன். ஒரு மாதம் வாங்காவிட்டால் நோட்டில் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டே, அந்தப் பயம். பின்னால் சிரிக்கிறீர்களே, சிரியுங்கள். சிரிப்பவர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். வாங்கியது என் வயிற்றுக்குள் போகவில்லை. பேரீச்சம்பழ டப்பாவுக்குள் போனது.

சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குக் கொடுத்ததோடு அன்றைய இருப்பு தீர்ந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் மலையாண்டி; அவருக்கும் ரத்தக்கொதிப்பு, அதே மாத்திரை. "நாலு நாளா மாத்திரை இல்ல வாத்தியாரய்யா. சரி, திங்கக்கெழம வாரேன்" என்றார். மறக்காமல் வாருங்கள் என்று நான் புத்தி வேறு சொன்னேன். பையிலே மாத்திரை, வாயிலே அறிவுரை! ஞாயிறன்று மிளகாய்க் களத்தில் சாய்ந்தார். இடக்கையும் இடக்காலும் இழுத்துக்கொண்டன. மாத்திரை இல்லாததால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. என் மனம் சொல்கிறது.

அன்று டப்பாவைத் திறந்தேன். பதினெட்டு அட்டைகள். பாதிக்கு மேல் காலாவதி. யாருக்கும் தெரியாமல் கடலில் கொட்டக் கிளம்பினேன். மனைவி குல்சும் வாசலை மறித்தாள். "அந்த மனுசனுக்கு இல்லாம ஆக்குனது பத்தாதா? மீனுக்கு வேற குடுக்கப் போறீகளா?"

தலைகுனிந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் ஒப்படைத்தேன். பெயரை அடிப்பீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். யார் பெயரையும் அடிப்பதில்லையாம் அய்யா! கேட்டிருக்கலாமே, முன்பே கேட்டிருக்கலாமே!

தாய்மார்களே, வீட்டில் மாத்திரை மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரிசையில் நமக்குப் பின்னால் ஓர் உயிர் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு தமிழ் பேசிய எனக்கு, வேண்டாம் என்ற அந்த ஒரு சொல் அன்று வாயில் வரவில்லை.

இதை மலையாண்டியிடம் நான் இதுவரை சொன்னதில்லை. அவர் முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் மேடையேறிச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பேசி முடித்தால் இரு கரம் கூப்புவது என் வழக்கம். அதோ, எல்லாம் கேட்ட பிறகும் அவர் வலக்கையை மட்டும் உயர்த்தி எனக்கு வணக்கம் வைக்கிறார். அவர் முன்னால் இரு கையையும் கூப்ப எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கேட்டிருந்த உங்களுக்கு நன்றி சொல்லி, அவரைப் போலவே ஒற்றைக் கையால் வணங்கி அமர்கிறேன்.