மூன்றாவது ஓட்டை

உன் கார் கதவைத் தட்டிப் பார்த்தேன் கண்ணு. வெறும் தகரச் சத்தம். பாட்டு இரைகிறது என்று கம்பெனி ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை; முதலில் கதவின் அதிர்வை அடக்க வேண்டும். உள்பக்க அட்டையைக் கழற்றி, தகரத்தைத் துடைத்து, தார் ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டி, காற்று தங்காமல் உருளையால் அழுத்தினால், அதே கதவு மரக்கதவு போலத் தொப்பென்று மூடும். ஸ்பீக்கரை மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

குன்னூரில் வேலாமணி அண்ணன் கடைக்குச் சீட் கவர் தைக்கப் போனவள் நான். பார்த்துப் பார்த்தே இதையும் கற்றுக்கொண்டேன். அவர் ஒன்றை மட்டும் விடாமல் சொல்வார்.

"ஏ பேச்சி, எந்த ஓட்டைய வேணா அடை. கதவுக்கு அடியில இருக்கற மூணை மட்டும் தொட்றாத. மழத்தண்ணி எறங்கற வழி அது. அடைச்சீன்னா கதவு கெணறாயிரும், கண்ணாடி மோட்டார் செத்துப் போயிரும்."

ரசீதுக்குப் பெயர் எழுதும்போது அப்பா பெயர் சுரேந்திரன், ஊர் ஜெகதளா என்றாய். அதனால்தான் உட்காரச் சொன்னேன், கீர்த்தனா. நான் சொல்லப் போவது நடந்தபோது நீ ஐந்து மாதக் குழந்தை.

என் வீட்டுக்காரர் முனியசாமிக்கும் ஜெகதளாவில் ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. இலை விலை விழுந்து கிடந்த வருடங்கள். முற்றிய இலையைக் கத்தரியால் வெட்டிப் பலரும் எடையைக் கூட்டினார்கள். இவர் மட்டும் இரண்டு இலை ஒரு கொழுந்து என்று விரலால் கிள்ளினார். இலை எடை போடும் ஷெட்டில் மற்றவர்களின் சாக்கைக் கொட்டிப் பார்ப்பார்கள். இவர் சாக்கு மட்டும் அப்படியே தராசுக்குப் போகும். அதில் அவருக்கு ஒரு கர்வம். அங்கே இலை வாங்கிய ஏஜெண்ட் உன் அப்பா.

அந்தச் சித்திரையில் ஃபேக்டரி ஒரு லோடு இலையைத் திருப்பி அனுப்பியது. இனி எல்லாச் சாக்கையும் கொட்டு என்று உத்தரவு. உன் அப்பா கொட்டினார். மேலே கொழுந்து, அடியில் மாடு தின்னாத முற்றல்.

"நம்ம முனியசாமியண்ணனும் கத்தரி வாங்கீட்டாரு டோய்" என்றான் ஒருவன். நாற்பது பேர் சிரித்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்று இரண்டு தடவை சொன்னாராம் இவர். மூன்றாம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

பேச்சிக்குச் சுரேந்திரன்மேல் வன்மம் என்று ஊர் பேசியது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

புரட்டாசியில் உன் அப்பா கடைக்கு வந்தார், உன் தாய்மாமன் கொடுத்த பழைய காரில்.

"ஏனுங்க, நல்ல ஸ்பீக்கராப் போடுங்க, வெளிச் சத்தமே உள்ள வரக்கூடாதுங்க. ஷெட்டுக்குப் போனா, சாக்கக் கொட்டறேன்னு கூடி நின்னு வையறாங்க. கண்ணாடிய ஏத்துனாலும் எங்கம்மாவ இழுக்கறது கேக்குதுங்க."

"அதுக்கு ஸ்பீக்கர் எதுக்குங்க? காதுல பஞ்சு வெச்சாப் போதுமே" என்றார் வேலாமணி அண்ணன். உன் அப்பா சிரித்தார். உனக்கும் அதே பல்வரிசை.

அண்ணன் டீக்குப் போனதும் உன் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். விரல் நீளத்துக்கு மெரூன் ரெக்சின் துண்டு.

"அன்னைக்கு முனியசாமியண்ணன் சாக்குல, முத்தலுக்குள்ள கெடந்துச்சுங்க்கா. யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லலை, யாருகிட்டயும் சொல்லலை. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

சீட் கவர் வெட்டும்போது மடியில் ஒட்டிக்கொள்ளும் துண்டு அது. விடியும் முன்னே முற்றலை வெட்டி அவர் சாக்கின் அடியில் போட்டது நான்தான். எடை கூடட்டும் என்று, அந்தச் சாக்கைக் கொட்ட மாட்டார்கள் என்று தெரிந்தே போட்டேன். மூன்று வாரம் போட்டேன்.

உன் அப்பா ஆறுதலாகத்தான் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். பழைய காகித ஸ்பீக்கரைக் கழற்றி நல்லதாகப் போட்டேன். கடைசியில், முன்கதவுகள் இரண்டிலும் அடி ஓட்டைகளை அடைத்தேன்.

பனிமூட்டமாக மஞ்சு இறங்கினால் நம் மலையில் வண்டிக்காரர்கள் கண்ணை நம்புவதில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, எதிரே வருகிறவன் ஹாரனுக்குக் காது கொடுத்துப் போவார்கள். உனக்கும் தெரியும்.

ஐப்பசியில் எட்டு நாள் மழை. முன்கண்ணாடி இரண்டும் இறங்கவில்லை என்று வந்து நின்றார் உன் அப்பா. பின்கண்ணாடி கையால் சுற்றுவது, ஓட்டுகிறவருக்கு எட்டாது. கதவில் கை வைத்தேன். உள்ளே தண்ணீர் கனத்தது.

"கோயமுத்தூர்ல இருந்து மோட்டார் வரணும் தம்பி, பத்து நாளாவும். மூடியே இருக்கட்டும். பாட்டு இன்னும் நல்லாக் கேக்கும்."

"மஞ்சுல ஓட்டோணுமேங்க்கா..."

"லைட்டப் போட்டுட்டுப் போ சாமி."

ஆறாம் நாள் காலை, ஜெகதளா ரோட்டு வளைவில் இலை லாரி இறங்கி வந்தது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தானாம். வளைவு டீக்கடையில் கேட்டிருக்கிறது. கீழே கேரட் பிடுங்கியவர்களுக்கும் கேட்டிருக்கிறது. போலீசார் மஞ்சுதான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். கதவை நெம்பித் திறந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். துளி இரைச்சல் இல்லை, அவ்வளவு தெளிவு என்று பார்த்தவர் ஒருவர் கடையில் வந்து சொன்னார். வேலை நன்றாக அமைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இருபத்து மூன்று வருடமாக, வீட்டுக்காரருக்காகச் செய்தேன் என்றே சாமி படத்துக்கு முன்னால் சொல்லி வந்தேன். இன்று உன் பல்வரிசையைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. முற்றலைப் போட்டது யார் என்று தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அவர் பக்கத்துக் கதவில் இரண்டு ஓட்டைகளைத் தார் ஷீட்டால் மூடினேன். மூன்றாவதற்கு அந்த ரெக்சின் துண்டை மடித்துச் செருகினேன். அளவு சரியாக இருந்தது.

யாரிடம் சொல்ல வேண்டுமோ போய்ச் சொல்லு கண்ணு, நான் இங்கேயேதான் இருப்பேன். ஆனால் மஞ்சு இறங்கிவிட்டது. கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்து ஓட்டு. யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் எனக்குத் தாங்காது.