‘இலவசம்’ என்று சொல்ல மறுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நிதிக்குழுவில் அம்மையாரோடு தோளோடு தோள் நின்ற உறுப்பினர்களே! அம்மையாரின் கணவர், உடற்பயிற்சி ஆசிரியர் அவர்களே! அம்மையாரின் உடன்பிறந்த அண்ணன், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அதிபர் அவர்களே! சீருடையைக்கூட மாற்றாமல் வார்டிலிருந்து நேராக ஓடிவந்திருக்கும் என் செவிலியர் சகோதரிகளே! பேருந்துப் பணிமனைத் தோழர்களே! உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இரங்கல் கூட்டம் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசும்படி அமைப்பாளர் என் காதில் சொன்னார். என்னால் ஆகிற காரியமா அது? வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியே காலம் தள்ளியவள் நான். சரி, என்னை விடுங்கள். நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மேனாள் அவை உறுப்பினர், நிதிக்குழுவின் தலைவர், நம் கத்தரிக்கோல் அம்மையாருக்காக! அவர் என்றைக்காவது குரலைத் தாழ்த்திப் பேசி நீங்கள் கேட்டதுண்டா?

கத்தரிக்கோல்! அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியது யார் தெரியுமா? அடியேன்தான். பாராட்டிச் சூட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு எரிந்து சூட்டினேன்!

இளையவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பழைய நிலைமை தெரியாது. அன்றைக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது மருத்துவர் அல்ல, பணம் கட்டும் ஜன்னல். முன்பணம் கட்டினால்தான் அடுத்த கதவு திறக்கும். ஒரு நாள், பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கால் முறிந்து வந்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? “சிஸ்டர், கையில கொஞ்சந்தான் இருக்கு. பாதிக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட முடியுமா? மீதியை அடுத்த மாசம் வந்து போட்டுக்கறேன்.” அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன்.

அந்த ஜன்னலை மூட வேண்டும் என்றுதான் எங்கள் செவிலியர் சங்கம் முதல் மசோதாவை எழுதியது. ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி அவைக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் உருக்கமாகப் பேசினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போது எழுந்தார் இந்த அம்மையார். “எல்லாம் சரி. யார் கொடுப்பது?” என்று கேட்டார். அவ்வளவுதான்! முதலாளிகள் தொழிலாளியைக் கைகாட்டினார்கள். தொழிலாளிகள் அரசாங்கத்தைக் கைகாட்டினார்கள். அரசாங்கம் கையை விரித்தது. மசோதா அங்கேயே படுத்துவிட்டது.

எங்களுக்குக் கோபம் வருமா, வராதா? மறுநாள் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டோம். ‘மசோதாவை வெட்டிய கத்தரிக்கோலே, பதில் சொல்!’ என்று கத்தினோம். கதவு திறந்தது. வெளியே வந்தவர் இதோ மேடையில் இருக்கும் ஆசிரியர். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். “ஏம்மா, ஆளுக்கொரு நேரத்துல கத்துறீங்க? உள்ள ஒரு வார்த்தையும் புரியல. நான் மூணு எண்ணுறேன், சேர்ந்து கத்துங்க!” என்றார். தன் மனைவிக்கு எதிரான கோஷத்துக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த கணவரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா! உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போதே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

மீதிக் கோபம் அடுத்த வாரம் போனது. எங்கள் சங்க அலுவலகத்துக்கு அம்மையாரே வந்துவிட்டார். துணைக்கு ஒருவரும் இல்லை. கால் ஆடும் நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

“உங்க மசோதாவைக் கவுத்தது நான்தான். அது நிறைவேறியிருந்தா ஒரே வருஷத்துல காசில்லாம நின்னிருக்கும். அப்புறம் எவனும் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டான். நிக்கிற மாதிரி ஒண்ணு எழுதலாமா?”

நான் விடவில்லை. “அரசாங்கம் கொடுக்கட்டும்!” என்றேன்.

“அரசாங்கம்னா யாரு சிஸ்டர்? அவங்க தோட்டத்துல காசு காய்க்குதா? அரசாங்கம்னா நீங்கதான், நான்தான், எங்க அண்ணன்தான். அவர்கிட்ட நிறைய இருக்கு, நிறைய கொடுக்கணும். அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் வேணும். உங்களுக்கு இருக்கா?”

எனக்கு இருந்தது. அவர் என் அண்ணன் இல்லையே!

அன்று புதிய மசோதாவை எழுதத் தொடங்கினோம். எத்தனை கூட்டம், எத்தனை சண்டை! மருத்துவர் சங்கத்தில் மைக்கைப் பிடுங்கினார்கள். பணிமனையில் நடந்த கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். நல்ல கட்டுமஸ்தான இளம் ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “மேடம், எனக்குத் தலைவலிகூட வந்தது இல்ல. எவனுக்கோ நோவுன்னா என் சம்பளத்துல எதுக்குப் பிடிக்கணும்?” என்றார். பணிமனையே கைதட்டியது. அம்மையார் அசரவில்லை.

“தம்பி, நானும் வருஷா வருஷம் கொடுக்கப்போறேன். கொடுத்துட்டு என்ன வேண்டிக்குவேன் தெரியுமா? ‘என் காசு எனக்கு வீணாப் போகணும், ஒரு நாள்கூட உபயோகப்படக் கூடாது’ன்னு. நீங்களும் அப்படியே வேண்டிக்கங்க. இதுல ஏமாந்தவன்தான் ஜெயிச்சவன்!”

அப்புறம் எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது! அந்த ஓட்டுநர் இன்று படிக்கட்டில் நிற்கிறார். ஆமாம் தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன், ஒளியாதீர்கள்!

இனி அந்த விசாரணைக்கு வருகிறேன். முதலாளிகள் சங்கத்தின் சார்பில் நிதிக்குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தவர் யார்? அம்மையாரின் சொந்த அண்ணன்! குழுவின் தலைவர் நாற்காலியில் தங்கை, எதிரே சாட்சி நாற்காலியில் அண்ணன்.

“தலைவர் அவர்களே! ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு என்று எங்களிடம் பிடிக்கப்போகிறீர்கள். அப்படியானால் நான் என்ன செய்வேன்? ஆளைக் குறைப்பேன், இயந்திரம் வாங்குவேன். ஆள் வைத்திருப்பவனுக்குத் தண்டனை, ஆளை அனுப்பியவனுக்குப் பரிசு. இதுதானா உங்கள் நியாயம்?” என்று கேட்டார் அண்ணன்.

நான் பதறிவிட்டேன். ஏனென்றால் அது சரியான கேள்வி! எல்லோரும் அம்மையாரின் முகத்தையே பார்த்தோம். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். மைக் திறந்திருப்பதை மறந்து, “அட, ஆமாண்ணா. நீ சொல்றது சரி” என்றார்.

எழுந்ததே ஒரு கூச்சல்! “இது நாட்டு விசாரணையா, வீட்டுப் பஞ்சாயத்தா?” என்று எதிர்வரிசையில் ஒருவர் கத்தினார். அம்மையார் திரும்பினார். “சரியானதைச் சொன்னவர் என் அண்ணன் என்பதற்காக அது தவறாகிவிடுமா, உறுப்பினரே?” என்று ஒரே கேள்வி. அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே மசோதாவில் அந்தப் பிரிவு மாறியது. ஆள் கணக்கு போயிற்று, லாபக் கணக்கு வந்தது. அதிக லாபம் உள்ளவர் அதிகம் கட்ட வேண்டும். சின்னப் பட்டறைகள் தப்பித்தன. ஆனால் ஊரிலேயே பெரிய லாபம் யாருக்கு? அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு! அண்ணன் தன் வாயாலேயே தன் பங்கை ஏற்றிக்கொண்டார். மேடையில் அவர் சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தங்கையோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அம்மையாருக்கு அது பெரிய வலி. குழுக்கூட்டம் நடக்கும்போது கைபேசி ஒலித்தால், அண்ணனாக இருக்குமோ என்று பார்ப்பார். வேறு யாராவதாக இருக்கும். முகம் வாடும். பிறகு அடுத்த பிரிவைப் படிப்பார்.

வாக்கெடுப்பு! பார்வையாளர் மாடம் முழுக்க எங்கள் சகோதரிகள். முடிவு மயிரிழையில் வந்தது. வென்றோம்! கைதட்டக் கூடாது என்று காவலர் அதட்டினார். தட்டவில்லையே! எல்லோரும் எழுந்து நின்று காலால் தரையை உதைத்தோம். கீழே அம்மையார் அண்ணாந்து பார்த்து, ‘கூரை இடிஞ்சிடப்போகுது’ என்று கையால் சைகை காட்டினார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் காலையை எப்படி மறப்பேன்? பணம் கட்டும் ஜன்னல் மூடிக் கிடக்கிறது. பழக்கம் போகுமா? எல்லோரும் அங்கேயே வரிசையில் நிற்கிறார்கள்! “நேரா உள்ள போங்க” என்று நாங்கள் கத்துகிறோம். ஒரு தையல்காரப் பெண் அசையவே இல்லை. “ரசீது இல்லாம எப்படிம்மா உள்ள போறது? அப்புறம் வெளிய விட மாட்டீங்க!” என்று அடம்பிடித்தார். கையைப் பிடித்து நான்தான் அழைத்துப்போனேன்.

இவ்வளவு செய்தவருக்கு மக்கள் என்ன கொடுத்தார்கள்? மாலையா? அடுத்த தேர்தலில் தோல்வி!

ஆம், தோற்றார். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகாதவருக்குப் பலன் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் கெஞ்சினார்கள். “ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், ‘இலவச மருத்துவம் தந்தேன்’னு. சுவரெல்லாம் எழுதிடறோம். ஜெயிச்சிடலாம்.” அம்மையார் மறுத்தார். “அது இலவசம் இல்லப்பா. ஜனங்க சேர்ந்து முன்கூட்டியே கொடுத்த காசு. அவங்க காசை எடுத்து அவங்களுக்கே பிச்சை போட்ட மாதிரி நான் பேச மாட்டேன்.” அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பதவி இருந்திருக்கும். சொன்னாரா? இல்லை!

முடிவு வந்ததும் அழுதுகொண்டே அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏன் அழறீங்க? தோத்தது நான்தானே? சட்டம் தோக்கலையே! கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க” என்றார். அப்படி ஒரு மனுஷி!

பிறகு நோய் வந்தது. நுரையீரல். என் பழைய மருத்துவமனையில், பொது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் சேர்த்தோம். செய்தி கேட்டு அண்ணன் வந்தார். பேச்சு நின்றபின் முதல் முறை. கட்டில்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

“இங்க எதுக்கும்மா படுத்திருக்கே? நல்ல இடத்துக்குப் போயிடலாம். எவ்வளவு ஆனாலும் நான் கட்டறேன்.”

அம்மையார் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னார்: “நீதான் ஏற்கெனவே கட்டிட்டியே அண்ணா. ஊர்லயே அதிகமா!”

பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி விஷயம் புரியாமல், “இவரு யாரும்மா?” என்றார். “இந்த வார்டுக்கெல்லாம் காசு கட்டுறாரே, அவரு. உங்களுக்கும் இவர்தான், எனக்கும் இவர்தான்” என்றார் அம்மையார். போதுமே! கட்டிலுக்குக் கட்டில் செய்தி பரவியது. டிரிப்ஸ் ஏறுகிற கையோடு கும்பிட்டார்கள். “நல்லா இருங்கய்யா” என்றார்கள். அண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை. “நான் மட்டும் இல்ல, நீங்களும் கட்டியிருக்கீங்கம்மா, நீங்களும்தான்யா” என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னார். தங்கை சொல்லிச் சொல்லி ஏறாதது, அன்று அவர் வாயிலிருந்தே வந்தது! அம்மையார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, மருத்துவர் எங்கள் எல்லோரையும் வெளியே துரத்தினார். அதன்பின் கடைசி வரை அண்ணன் தினமும் வந்தார்.

நண்பர்களே! துக்கப்பட நமக்கு நேரம் இல்லை. புதிய அரசு திருத்தம் கொண்டுவருகிறது. பெரிய நிறுவனங்களின் பங்கைக் குறைப்பார்களாம். அந்த ஓட்டையை அடைக்க நோயாளியிடம் ‘சிறு கட்டணம்’ வாங்குவார்களாம். சிறு கட்டணம்! யாருக்குச் சிறியது? வரும் திங்கட்கிழமை விசாரணை. முதலாளிகள் சங்கம் திருத்தத்தை ஆதரித்துப் பேச யாரை அனுப்ப நினைத்தது? அண்ணனை! கூட்டம் தொடங்குமுன் அவர் என்னிடம் சொன்னதை, அவர் அனுமதியோடு சொல்கிறேன். “நான் போறேன் சிஸ்டர். ஆனா எதிர்த்துப் பேசப் போறேன். சங்கத்துல சொல்லிட்டேன், கோபமா இருக்காங்க. தனியா உட்கார ஒரு மாதிரி இருக்கு. கூட வர்றீங்களா?”

வருவேனா என்றா கேட்கிறீர்கள், ஐயா? உங்களைத் திட்டி நான் எழுதிய கோஷங்களை அடுக்கினால் உங்கள் தொழிற்சாலைப் பெட்டிகள் போதாது. ஆனாலும் வருவேன்! உங்கள் பக்கத்து நாற்காலி என்னுடையது!

இரங்கல் தீர்மானத்துக்காக எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மையாரை நினைத்து மௌனமாக நிற்போம்.

நன்றி. உட்கார்ந்துவிடாதீர்கள்! நின்றபடியே ஒரு கேள்வி. அம்மையார் எழுதிய சட்டத்தைக் காப்போம், ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று உறுதி ஏற்பவர்கள், திங்கட்கிழமை எங்களோடு விசாரணைக்கு வருபவர்கள் கையைத் தூக்குங்கள். ஆசிரியர் ஐயா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்றாகத்தான் எண்ணுவேன்! படிக்கட்டிலுமா? வெளியே சாலையிலுமா? இறக்காதீர்கள், எண்ண விடுங்கள்... முடியவில்லை. அந்த விசாரணை அறையில் இத்தனை பேருக்கு இடம் கிடையாது. அமைப்பாளரே, இப்போதே ஆள் அனுப்புங்கள். பெரிய அரங்கமாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்!