டரில் பெயரில் முப்பத்தோரு அட்டைகள்

அஞ்சலட்டை ஒட்டுவதற்குக் கடைப் பசையைவிட வீட்டில் காய்ச்சும் மாவுப் பசைதான் நல்லது. கடைப் பசை எங்கள் ஊர்க் குளிருக்கு உரிந்துவிடும். நீங்கள் விசாரணைக்காக மேசையில் பரப்பி வைத்திருக்கும் முப்பத்தோரு அட்டைகளில் ஒன்றுகூட உரியவில்லை, பாருங்கள். எல்லாம் நான் செய்தவை. அதை மறைக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை மதியங்களில் நூலகத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். பழைய வரைபடம், விதைப் பொட்டலம், துணித்துண்டு என்று கிடைத்ததை வெட்டி ஒட்டி அட்டை செய்து, முகம் தெரியாதவர்களுக்கு அனுப்புவோம். அவர்களும் அனுப்புவார்கள். "போன்ல ஒரு தட்டு தட்டினா போற சேதிக்கு ஒரு வாரம் உக்காந்து கத்தரிக்கிறியே" என்று என் தம்பி சிரிப்பான். இந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் அட்டையை உறைக்குள் வைத்து வெளியூர் நண்பருக்கு அனுப்பினால், அவர் தன் ஊர்த் தபால்தலையை ஒட்டி அங்கிருந்து சேர்ப்பிப்பார். அந்த ஊர் முத்திரை விழும் என்பதற்காக ஒரு விளையாட்டு. யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்காகக் கனடாவின் மானிடோபாவிலிருந்து அப்படிச் சேர்ப்பித்துவந்த ஆசிரியை என் உறையை உங்களிடம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

அட்டைகள் போன முகவரி வெர்னா லாட்டியுடையது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவளுக்கு டரில் ஒரே பிள்ளை. எனக்கு லினியா ஒரே பெண்.

ஆறு வருடங்களுக்கு முன், நவம்பரில், அடுமனை வேலை முடிந்து லினியா நடந்து வந்துகொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்துச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை பள்ளிப் பேருந்து ஓட்டுநர்தான் பார்த்தார். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். டரிலின் பிக்கப் வண்டியில் முன்விளக்கு உடைந்திருந்தது. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவரிடம் வெர்னா வாசலில் நின்றே பதில் சொன்னாள். "மான் குறுக்க வந்துச்சு, அதுவும் முந்தின வாரம். அன்னைக்குச் சாயங்காலம் பூரா என் பையன் என்கூடத்தான் சீட்டு ஆடிட்டிருந்தான்." வண்டியை அதற்குள் கழுவியிருந்தாள். வழக்கு நிற்கவில்லை.

அடக்கத்துக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வந்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த மார்ச்சில் டரில் காணாமல் போனான். வண்டி பேருந்து நிலையத்தில் நின்றது. ஓடிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. வெர்னா தேடச் சொல்லி யாரிடமும் போகவில்லை. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குப் போய்விடு என்று மாதக்கணக்காக அவனை நச்சரித்தவளே அவள்தான். மே மாதம் முதல் அட்டை வந்தது. ரப்பர் முத்திரையால் ஒவ்வொரு எழுத்தாக அச்சிட்டிருந்தேன். 'நலம். வேலை கிடைத்தது. தேட வேண்டாம். டி.' கையெழுத்து பிடிபடக் கூடாது என்று மகன் எச்சரிக்கையாக இருக்கிறான் என நினைத்துக்கொண்டாள். தொலைபேசியில் பேசாததற்கும் அதுவே காரணமாயிற்று. எனக்கு வேலை மிச்சம்.

பதில் எழுத முகவரி இல்லை. அதுதான் அவளை அரித்தது. ஒரு வியாழக்கிழமை நூலக மேசைக்கு வந்து, என் அட்டை ஒன்றையே என் முன்னால் வைத்தாள்.

"ஹெல்மி, இந்த மாதிரி பண்ண எனக்கும் சொல்லித் தர்றியா?"

"நல்லா இருக்கே. யாரு அனுப்பினது?"

"தெரிஞ்சவங்க."

"கை சுத்தமா இருக்கு. ஓரம் கொஞ்சம்கூடப் பிசிறல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், எதைத் தொட்டாலும்..." என்று ஆரம்பித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு அட்டை செய்தாள். அனுப்ப இடமில்லாமல் வீட்டில் அடுக்கி வைத்தாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் ஒன்று அனுப்புவேன். சிலசமயம் வேண்டுமென்றே நாலு மாதம் விடுவேன். அந்த நாட்களில் தபால் வண்டிச் சத்தம் கேட்டதும் செருப்பில்லாமல் பனியில் ஓடி வருவாள். என் ஜன்னலிலிருந்து தெரியும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நடந்ததை அவள் தன் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும். சொன்ன அன்றே நிறுத்திவிடுவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். நான் பேச்சு மாறுகிறவள் இல்லை.

இந்த ஜனவரியில் அவளுக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. உடனே அறுத்தால் பிழைக்கலாம், ஆனால் பெரிய மருத்துவமனை ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தது. நான் சூப் எடுத்துப் போயிருந்தேன். கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

"அது மான் இல்ல, ஹெல்மி."

"தெரியும்."

"அவன் வந்து சொன்னப்ப சாயங்காலம் மணி ஆறுகூட ஆகல. ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்னு அழுதான். நான்தான் போனைப் பிடுங்கி வச்சேன். அவ அப்பவே போயிட்டான்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு."

"சூப் ஆறுது, குடி" என்றேன்.

மறுநாள் முப்பத்தோராவது அட்டையைச் செய்தேன், அதோடு நிறுத்தினேன். இருப்பதிலேயே அழகானது அதுதான், நீல இறகு ஒட்டியது. 'வசந்தத்தில் வருகிறேன். நீ வீட்டில் இரு. டி.' அவள் மருத்துவமனைக்குப் போக மறுத்துவிட்டாள். அவளுடைய அக்கா மகள் கெஞ்சினாள், மருத்துவர் எச்சரித்தார். "அவன் வர்ற நேரத்துல வீடு பூட்டியிருந்தா?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். வற்புறுத்தாதீர்கள் என்று நானும் அவள் பக்கம் பேசினேன். ஒரு மனுஷியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் அல்லவா.

மே இரண்டாம் வாரம் இறந்துபோனாள். அன்று மதியம் அக்கா மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். வெர்னா கண்ணைத் திறந்து, "வந்துட்டானா? எங்க இருக்கான்?" என்று கேட்டாள். நான் குனிந்து காதோரம் சொன்னேன். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மார்ச் மாதம் டரில் நடந்தே என் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் போனைப் பிடுங்கியது உட்பட. "நாளைக்கு ஷெரிஃப்கிட்டப் போய்ச் சொல்லிடுறேன் ஆன்ட்டி. அம்மாவுக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது செய்யணும், என்ன வேணாலும் சொல்லுங்க" என்றான். யோசித்தேன். உறைந்த ஏரி மேல் பனியைத் துளைத்து மீன் பிடித்த இடத்தில், துளை போடும் கருவியை மறந்து வந்துவிட்டேன், எடுத்துத் தர முடியுமா என்றேன். கருவி என் கொட்டகையில்தான் இருந்தது. ஓடை வந்து விழும் இடத்தைக் காட்டினேன். அங்கே பனிக்கட்டி மார்ச்சில் தாங்காது. அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பனி உடைந்து தண்ணீருக்குள் போனதும் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டான். கரையில் கயிறு இருந்தது. நான் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். லினியாவுக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பிறகு அவன் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், எப்போதும் சாவியோடு நிற்கும் வண்டியை எடுத்துப் பேருந்து நிலையத்தில் விட்டேன். வெர்னா அப்போது தேவாலயத்தில் இருந்தாள்.

நாற்பதடி ஆழம். ஆள் இறக்கினால் கிடைப்பான்.

கேட்டு முடித்த பிறகு வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடி தளர ஒரு மணி நேரம் ஆனது. நீங்கள் அதைக் கொடூரம் என்று எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தன் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று ஒரு தாய் கேட்டாள், நான் அவள் உயிரோடு இருக்கும்போதே பதில் சொன்னேன். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா?