பெயரில்லாதவர்

காளவாசலில் பஸ் ஏறியதும் முன்சீட்டு அம்மா, பக்கத்தில் உட்கார்ந்த தன் தெருக்கார இளைஞரிடம் சீறினார்: "எங்க வீட்டுக்காரர் பேரை எதுக்குத் தம்பி அழிச்ச?"

மோட்டார் பழுதுக்கு யோசனை கேட்கும் இணைய மன்றத்தை அந்த இளைஞர்தான் புதிதாக வடிவமைத்தவராம்.

"அழிக்கலக்கா. ரெண்டு வருசம் உள்ள வராதவுக பேரு தானா மறைஞ்சிரும். புது டிசைன் அப்படி."

"செத்தவரு எப்படிய்யா உள்ள வருவாரு? அம்புட்டுப் பேருக்குப் பதில் எழுதுனாரு. இப்ப எல்லாத்துலயும் 'பெயரில்லாதவர்'னு கெடக்கு. கலரு, பொம்மை, லைக்கெல்லாம் வைக்கத் தெரியுது. மனுசன் பேரை வைக்கத் தெரியலையா?"

இளைஞர் லேப்டாப்பைத் திறந்தார். சமயநல்லூர் வருவதற்குள் பெயரை மீட்டு, திரையை அந்த அம்மா பக்கம் திருப்பினார்.

அம்மா தன் கணவர் பெயரை வாய்விட்டுப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிஷியலை விட்டுட்ட. அதையும் போடு."