காருக்குக் காவல் வைத்த தொப்பி

“கள்ளன் என் தொப்பியையும் கொண்டுபோய்ட்டான்டே!”

தக்கலையில் பஸ் புறப்படக் காத்திருந்த நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு டாக்டரின் காரருகே ஒரு போலீஸ்காரர் வெறுந்தலையோடு நின்றார்.

“போலீஸ் ஏமானே, ரேடியேட்டருக்குத் தண்ணி எடுக்கப் போறேன், மருந்துப் பெட்டியப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேனே?” என்றார் டிரைவர்.

“சாயா குடிக்கப் போகும்போது தொப்பிய சீட்டுல வச்சிட்டுத்தான் போனேன். அதக் கண்டா கள்ளன் பயப்படுவான்லா?”

“நல்லா பயந்தான்! கருங்கல் ஊர்ல ஒருத்தி பேறுவலியில துடிக்கா. டாக்டரம்மாட்ட நான் என்ன சொல்லுவேன்?”

மருந்துக்கடையிலிருந்து வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“ரெண்டுபேரும் ஏறுங்க. ஆஸ்பத்திரில வேற பெட்டி எடுத்துட்டுப் போவோம்” என்றவர் போலீஸ்காரரிடம் திரும்பினார். “கருங்கல்ல நான் இறங்குனதும் நீரு காருக்குள்ளயே இரும். டிரைவர் உம்மப் பாத்துக்கிடுவாரு.”