நான் சத்தமாகப் பாட்டுக் கேட்பவன் அல்ல

பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்கும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்த வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். தண்ணீர் கொடுத்தீர்கள், ஃபேன் போட்டீர்கள், சந்தோஷம். அந்த ஃபேனில் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று தட்டுகிறது. இத்தனை நாளாக அதற்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது.

என் மனைவி மெர்சியின் அண்ணன் தேவசகாயம் போன மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தார். நீங்கள்தான் விசாரிக்க வந்தீர்கள். தொட்டியை எட்டிப் பார்த்தீர்கள், மாடியில் என் அறையைப் பார்த்தீர்கள், மேஜைமேல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தீர்கள். உங்களுக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. வாசலில் கூடியிருந்தவர்களிடம் சொன்னீர்கள்: "பாவம், இவரு மேல ஹெட்போன மாட்டிக்கிட்டு ஃபுல் சவுண்டுல பாட்டு கேட்டுட்டு இருந்திருக்காரு. கீழ பெரியவரு கத்தினது எப்படி காதுல விழும்?" சொல்லிவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள்.

ஃபுல் சவுண்டு. அந்த வார்த்தை ஆம்பூர் முழுக்கப் பரவிவிட்டது. போதகர் அதையே எடுத்துவைத்துக்கொண்டு வாலிபர்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பற்றியே பேசினார். ஃபேக்டரி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, "சார், சவுண்ட கொஞ்சம் கம்மியா வச்சிக் கேளுங்க சார்" என்று எனக்குப் புத்தி சொல்கிறான். அவன் போனில் ஓடும் பாட்டு பைபாஸ் வரைக்கும் கேட்கும். மெர்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க வேணும்னே செஞ்சீங்களா இன்னா? பாட்டு சத்தத்துல கேக்கல, அவ்ளோதான்" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். நான் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த அன்று, "எங்க அண்ணனுக்காகவா?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அலறவிட்டுப் பாட்டுக் கேட்கிற கும்பலில் என்னையும் ஒருவனாகச் சேர்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இதோ, அந்த ஹெட்போனைக் கொண்டுவந்திருக்கிறேன். பாருங்கள், தொட வேண்டாம். இப்போதுதான் போண்டா சாப்பிட்டீர்கள்.

நான் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறேன். பதப்படுத்தி வந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, முள் கீறியது, உண்ணி கடித்தது, மடிப்பு விழுந்தது எல்லாவற்றையும் பிரித்து ஒதுக்குவது என் வேலை. நல்லது என்று நான் எடுத்துக் கொடுப்பது கடைசியில் ஷூவாகி யார் காலிலோ மிதிபடும். அதனால் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொண்டேன். ஹெட்போனில் காதைச் சுற்றி உட்காருகிற இந்த மெத்தை இருக்கிறதே, இயர்பேட், இதை நானே வெட்டி நானே தைக்கிறேன். வெளியூர்க்காரர்கள் எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு சுபாவம் உண்டு. சவுண்ட் சிக்னேச்சர் என்பார்கள். ஒன்று அடித்தொண்டையில் பேசும், ஒன்று மூக்கால் பேசும். என்னுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கும். அந்தச் சுபாவத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பேட்தான். ஆட்டுத் தோல் பேட் என்றால் காதைச் சுற்றிப் படிந்து உட்காரும். தபேலாவின் அடிச்சத்தம் வெளியே போகாது, வெளிச்சத்தம் உள்ளே வராது. துணி பேட் அப்படி இல்லை, காற்று கசியும். பேஸ் என்கிற அடிச்சத்தம் இளைத்துப்போகும், குரல் தெளியும், கூடவே தெருவும் உள்ளே வந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டாலே போதும், அந்த இடுக்கு வழியாக எல்லாம் போய்விடும். இதை இந்த ஊரில் நான் யாரிடம் சொல்வது? என்னிடம் பேட் வாங்குகிறவர்களே, "பேஸ் ஜாஸ்தி வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். மண்டையில் யாராவது குத்தினால்தான் அவர்களுக்கு அது பாட்டு.

மச்சான் அந்த அளவுக்குக்கூடத் தேற மாட்டார். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. இன்ஜின்கள் அவர் காதைப் பாதி தின்றுவிட்டன. ரிட்டயர் ஆனார், மனைவியும் போய்ச் சேர்ந்தார், தங்கை வீடுதான் கதி என்று வந்துவிட்டார். பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, குளிக்கும்போது, அவர் போனில் பாட்டு அலறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எதிர் பிளாட்ஃபாரத்தில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி பேசுவார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். ஆற்காடு பக்கம் போனால் எனக்கென்று மக்கன் பேடா வாங்கி வருவார். நான் இனிப்புச் சாப்பிடுவதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மண்டையாட்டிவிட்டு மறுபடியும் வாங்கி வருவார்.

"இன்னா மாப்ள, காதுல ரெண்டு பன்ன வச்சிக்கிட்டு குந்திட்ட?" என்பார், என் அறை வாசலில் நின்றுகொண்டு. மெர்சி சிரிப்பாள். தினமும் அதே பன், தினமும் அதே சிரிப்பு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், என் நாற்காலியில் அவர். தலையில் என் ஹெட்போன். குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் வழியத் தடவிக்கொண்டு மாட்டியிருக்கிறார். தோல் முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகியிருந்தார். கழற்றி என் கையில் கொடுத்து, "ஒன்னும் வித்தியாசம் தெரியல மாப்ள. என் போன்லயே நல்லாத்தான் கேக்குது" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பாவம் பதறிப்போனார். மறுநாளே பஸ் ஸ்டாண்டு கடையில் சிவப்பு விளக்கு மினுக்குகிற பிளாஸ்டிக் ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து, "கோவிச்சிக்காத மாப்ள, இத வச்சிக்க" என்று நீட்டினார். அது இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

எனக்கு அவர்மேல் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபப்படுகிற அளவுக்கு நான் அவரை மதித்ததில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொட்டியின் அடியில் சேறு தங்கியிருக்கிறது, குழாயில் தண்ணீர் வருவதற்குள் வார வேண்டும் என்று மெர்சி என்னிடம்தான் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது கீழே மச்சான் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "மாப்ளைய தொந்தரவு பண்ணாத. வாரம் பூரா உழைக்கிறான், கொஞ்ச நேரம் பாட்டு கேக்கட்டும். நான் எறங்கி வாரிடறேன்."

தொட்டி என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே, தரைக்குள் இருக்கிறது. கெட்டுப்போன பேடுக்குப் பதிலாக அப்போதுதான் புது ஜோடி தைத்து முடித்திருந்தேன். ஒரு கீறல், ஒரு புள்ளி இல்லாத ஆட்டுத் தோல். அப்படி ஒன்று எப்போதாவதுதான் கைக்கு வரும். முதலில் துணி பேடில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, பிறகு தோலை மாட்டி அதையே கேட்டு ஒப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஆகவே அந்த நேரத்தில் ஹெட்போனில் இருந்தது துணி. நீங்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

ஏணி சரிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆள் விழுகிற சத்தம். பிறகு குரல். "மாப்ள, ஏணி சாஞ்சிடுச்சி. இடுப்புல நல்ல அடி, எந்திரிக்க முடியல." அன்று பார்த்துத் தண்ணீர் சீக்கிரம் வந்துவிட்டது. குழாய் தொட்டிக்குள் கொட்டுவது கேட்டது. "தண்ணி வருது மாப்ள. கேட்டாண்ட வால்வ மூடுப்பா." ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பாட்டு குறைந்த சத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்திவிட்டேன்.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? இதுதான் முக்கியமான இடம்.

தொட்டி என்பது ஒரு நல்ல அறை. சுற்றிலும் சிமெண்டு, மேலே சின்ன வாய். இத்தனை வருஷம் தகரத்தில் தட்டிய மாதிரி இருந்த அவர் குரலுக்கு முதல் தடவையாக ஒரு கனம் வந்திருந்தது. தண்ணீர் ஏற ஏற அறை சின்னதாகும் இல்லையா, குரலும் அதற்கேற்ப இறுகிக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ரசித்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், பொய் சொல்ல நான் வரவில்லை. நான் இறங்கிப்போய் வால்வைத் திருகியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மாடிப்படி இறங்கினால் கேட்தான். அது எனக்குத் தெரியும். அப்புறம் சாயந்திரம் மறுபடியும் அந்தப் போன் அலறும், வாசலில் நின்று பன் என்பார், மெர்சி சிரிப்பாள். அதுவும் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. இடது பக்கத் துணியைக் கழற்றிவிட்டுத் தோலை மாட்டினேன். புதுத் தோல் முறுக்கிக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்தி, ஹெட்போன் கப்பின் விளிம்பைச் சுற்றி மெதுவாகச் செருக வேண்டும். அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகும். நான் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இடது காதில் மச்சான் இல்லை. வலது காதில் இருந்தார்.

அப்போது அவர் என்னைக் கூப்பிடுவதை விட்டிருந்தார். தனக்குத்தானே பேசுகிற மாதிரி, அவரிடம் நான் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில், "மாப்ளைக்குக் கேக்கல போல. அவன் மேல தப்பில்ல ஆண்டவரே" என்றார். அதிலும் தப்பு. எனக்கு நன்றாகவே கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்து அதைச் சொல்லியிருக்கலாம், கையில் வலது பக்கத்துத் தோல் இருந்தது. அதையும் மாட்டினேன்.

சுத்தமான அமைதி. பாட்டை முதலிலிருந்து போட்டேன். வால்யூமைத் தொடவில்லை, தொடத் தேவையே வரவில்லை. மெர்சி திரும்பி வந்து அலறியதுகூட எனக்குத் தெரியாது. மேலே ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பேட் அப்படி உட்கார்ந்திருந்தது.

ஆகவே இப்படி எழுதுங்கள். அவர் கூப்பிட்டது எல்லாம் எனக்குக் கேட்டது. சாகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்டது போதும் என்றானதும் பேடை மாற்றிக்கொண்டேன். பாட்டின் சத்தத்தை ஒரு துளியும் கூட்டவில்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த ஜோடியில் ஒரு குறை இருக்கிறது. கொஞ்ச நாளாக வலது பக்கம் குரல் வருகிறது. மாப்ளைக்குக் கேக்கல போல என்று, அதே மெல்லிசாக, அதே கனத்தோடு. முடி இடுக்கில் காற்று போகிறதோ என்று தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். கண்ணாடி போடுவதையே விட்டுவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன், தொட்டிக்கு மேல் சாக்கு போட்டு மூடினேன். பாட்டே இல்லாமல் வெறுமனே மாட்டிப் பார்த்தேன், அப்போதும் வருகிறது. சந்தேகம் இருந்தால் கையைக் கழுவிவிட்டு நீங்களும் மாட்டிப் பாருங்கள். தோலில் குறை கிடையாது, அது நான் வெளிச்சத்தில் பார்த்து எடுத்த தோல். தையலில்தான் எங்கோ காற்று கசிகிறது. எழுதி முடித்ததும் ஹெட்போனை என்னிடமே கொடுத்துவிடுங்கள். வலது பக்கத்தை ஒரு தடவை பிரித்துத் தைத்துவிட்டால் நின்றுவிடும்.